பீருக்குத் துணை வந்த பர்கர்

அமெரிக்க நகரங்களின் தெருமுனை பீர் பப்புகளில் பர்கர் இல்லாத உணவுப் பட்டியலைப் பார்ப்பது அரிது. ஆசையாக வாங்கியவரை அடிக்கடி ஏமாற்றுவதும் அதே பர்கர்தான். காய்ந்து இறுகிய இறைச்சி, அடியில் ஊறி மேலே வறண்ட பன், பாதி உருகிய சீஸ், குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்த தக்காளித் துண்டு. பழியைச் சமையல்காரர் தலையில் போட்டுவிடுவது எளிது. ஆனால் இந்தக் கடைகளுக்குள் சாப்பாடு எப்படி நுழைந்தது, யார் செலவில் நுழைந்தது, எந்தச் சட்டம் அதை அங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால், இந்தக் குறை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது என்பது விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியக் குடியேறிகளோடு லாகர் பீர் அமெரிக்காவில் பரவியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்து மதுக்கூடங்களில் ‘இலவச மதிய உணவு’ ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. ஐந்து சென்ட் கொடுத்து ஒரு கோப்பை பீர் வாங்கியவர், மேசையில் பரப்பியிருப்பதை எடுத்துச் சாப்பிடலாம். ரை ரொட்டி, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, காடியில் ஊறிய முட்டை, புளித்த முட்டைக்கோஸ், கருவாட்டு வகை மீன், பிரெட்ஸல், சீஸ். எல்லாவற்றிலும் உப்பு தூக்கலாக இருக்கும். உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகம் அடுத்த கோப்பையை வாங்கவைக்கும். 1889இல் சான் பிரான்சிஸ்கோ வந்த ருட்யார்ட் கிப்ளிங் இந்த வழக்கத்தைப் பார்த்து வியந்து தன் பயணக் குறிப்புகளில் எழுதினார். மதுக்கூடங்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு பீர் ஆலையின் பிடியில் இருந்தன. உரிமக் கட்டணம், மேசை நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆலையே முன்பணம் கொடுத்தது. பதிலுக்குக் கடைக்காரர் அந்த ஆலையின் பீரை மட்டுமே விற்க வேண்டும். அப்படிப்பட்ட கடையில் சாப்பாடு என்பது பீர் விற்பதற்கான செலவுக் கணக்கில் ஒரு வரி.

அந்த இலவசச் சாப்பாட்டைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. 1893இன் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த தொழிலாளி ஐந்து சென்ட்டில் வயிற்றை நிரப்பிக்கொள்ள அது உதவியது. சிகாகோவில் மைக்கேல் கென்னா என்ற நகரமன்ற உறுப்பினர் நடத்திய மதுக்கூடம், பெரிய கோப்பை பீருக்கும் அதனுடன் வந்த இலவச உணவுக்கும் ஏழைகளிடையே பேர்பெற்றது. கென்னாவின் வாக்குவங்கியும் அங்கேதான் வளர்ந்தது.

உணவைச் செலவாகப் பார்த்த கடைக்காரருக்கு அதைக் கட்டாயமாக்கிக் கொடுத்தது நியூயார்க் மாநிலம். செனட்டர் ஜான் ரெயின்ஸ் கொண்டுவந்த சட்டம் 1896இல் நிறைவேறியது. உரிமக் கட்டணம் நியூயார்க் நகரில் 800 டாலராக ஏறியது, ஞாயிற்றுக்கிழமை மது விற்பனைக்கான தடை இறுகியது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தவருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வுநாள் என்பதால், அடி நேராகத் தொழிலாளர்மீது விழுந்தது. தங்கும் விடுதிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. குறைந்தது பத்து அறைகள் உள்ள விடுதி, உணவோடு சேர்த்து ஞாயிறன்றும் மது பரிமாறலாம். மதுக்கூடங்கள் மாடியையும் பின்கட்டையும் தட்டிகளால் தடுத்துப் பத்து அறைகளாக்கி விரைவிலேயே விடுதிகளாயின. அந்த அறைகள் பாலியல் தொழிலுக்கு வாடகைக்குப் போக, அவற்றை ஒழிக்க 1905இல் ‘பதினால்வர் குழு’ என்ற குடிமக்கள் அமைப்பே உருவாயிற்று.

உணவு என்ற நிபந்தனைக்குக் கடைக்காரர்கள் கண்ட வழிதான் ‘ரெயின்ஸ் சாண்ட்விச்’. காய்ந்துபோன இரண்டு ரொட்டித் துண்டுகள், நடுவில் பழைய ஹாம் அல்லது சீஸ். பரிசாரகர் அதைக் குடிப்பவர் முன் வைப்பார், யாரும் தொடமாட்டார்கள், அடுத்தவர் வந்ததும் அதே தட்டு அவர் மேசைக்கு நகரும். ஒரே சாண்ட்விச் நாள் முழுக்க, சில கடைகளில் வாரக் கணக்கில், சட்டத்துக்குக் கணக்குக் காட்டியது. நியூயார்க் சேரிகளைப் பற்றி எழுதிய ஜேக்கப் ரீஸ், ரொட்டிக்கு நடுவில் செங்கல்லை வைத்திருந்த ஒரு கடையைக் குறிப்பிடுகிறார். 1912இல் நடப்பதாக யூஜின் ஓ’நீல் எழுதிய ‘தி ஐஸ்மேன் கம்மத்’ நாடகத்தின் மதுக்கூடத்திலும் இந்த உலர்ந்த சாண்ட்விச் மேசையில் கிடக்கிறது. அமெரிக்க மதுக்கடை உணவின் வரலாற்றில் இதைவிட மோசமான பண்டம் இல்லை. சாப்பிடுவதற்காக அல்லாமல் இருப்பதற்காக மட்டும் செய்யப்பட்ட சாப்பாடு அது.

அந்த மனப்பாங்கு அந்தச் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. 2020 ஜூலையில், கொரோனாத் தொற்றைக் கட்டுப்படுத்த, உணவு வாங்குபவருக்கு மட்டுமே மது கொடுக்கலாம் என்று நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ உத்தரவிட்டார். சில நாட்களுக்குள் ஒரு மதுக்கூடம் ‘குவோமோ சிப்ஸ்’ என்று பெயரிட்டு ஒரு டாலருக்கு உருளைக்கிழங்கு வறுவல் விற்கத் தொடங்கியது. சிப்ஸ் போதாது, சூப்போ சாண்ட்விச்சோ வேண்டும் என்று மாநிலம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மாநிலச் சட்டமன்றம் 2021 ஏப்ரலில் அந்த விதியை நீக்கியது.

ஹாம்பர்கர் பிறந்தது மதுக்கூடத்தில் அல்ல. ஹாம்பர்க் துறைமுகம் வழியாக வந்தவர்களின் கொத்திறைச்சி உணவு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்தைத் திடல்களிலும் தள்ளுவண்டிகளிலும் ரொட்டிக்குள் புகுந்தது. முதலில் புகுத்தியது நாங்களே என்று விஸ்கான்சினின் சீமோரும் டெக்சஸின் ஏதென்ஸும் கனெக்டிகட்டின் நியூ ஹேவனும் இன்றும் உரிமை கொண்டாடுகின்றன. 1906இல் அப்டன் சிங்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. எந்த மாட்டின் எந்தப் பகுதி என்று தெரியாத கொத்திறைச்சியைச் சந்தேகப்படாதவர் குறைவு. அந்தச் சந்தேகத்தைப் போக்குவதையே தொழிலாக்கிக்கொண்டது 1921இல் கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் தொடங்கிய ‘ஒயிட் காசில்’. வெள்ளைச் சுவர், பளபளக்கும் எஃகு, கண்ணெதிரே சமையல், விலை ஐந்து சென்ட்.

காலமும் அதற்குச் சாதகமாக இருந்தது. 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து, மதுக்கூடங்களும் அவற்றின் மதிய மேசைகளும் ஒருசேரக் காணாமல் போயிருந்தன. குறைந்த காசில் சாப்பிட்டுப் பழகியவருக்கு வேறு இடம் தேவைப்பட்டது. 1933 டிசம்பரில் விலக்கு நீங்கி மதுக்கடைகள் மறுபடி திறந்தபோது, பர்கர் நாடறிந்த பண்டமாகிவிட்டிருந்தது. பழைய மதுக்கூடங்களின் கெட்ட பெயரை மறக்காத மாநிலங்கள் பலவும் குடியோடு உணவும் இருக்க வேண்டும் என்று விதித்தன. வர்ஜீனியாவில் காக்டெயில் விற்கும் கடைகளின் உணவு, காக்டெயில் விற்பனையில் குறைந்தது 45 விழுக்காடு உணவாலும் மதுவல்லாத பானங்களாலும் வர வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு இரும்புக் கல்லும் குளிர்பெட்டியும் இருந்தால் போதும், ஒரே ஆள் சமைத்துவிடலாம், மிஞ்சினாலும் பெரிய நட்டமில்லை. இந்தக் கணக்கில் மதுக்கடைக்குப் பர்கரைவிடத் தோதான உணவு வேறில்லை.

போருக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் சில தெருமுனைக் கடைகள் இந்த எளிமையிலிருந்தே நல்ல பர்கரை உருவாக்கின. மினியாபொலிஸின் ‘மேட்ஸ் பார்’ அவற்றுள் முக்கியமானது. 1954இல் ஒரு வாடிக்கையாளர் இரண்டு இறைச்சி வட்டுகளுக்கு நடுவே சீஸை வைத்துச் சமைத்துத் தரச் சொன்னார் என்பது கடையின் வரலாறு. அப்படிப் பிறந்த ‘ஜூசி லூசி’யை முதலில் செய்தது தாங்களே என்று அதே தெருவில் உள்ள ‘5-8 கிளப்’பும் சொல்கிறது. இரண்டு மெல்லிய வட்டுகளின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டி, உள்ளே சீஸைச் சிறைவைத்துக் கல்லில் போடுவார்கள். சீஸ் உருகிக் கொதித்து ஆவியால் வட்டு உப்பும்போது மேலே குத்தி ஆவியை வெளியேற்ற வேண்டும், தவறினால் வெடித்து ஒழுகிவிடும். பரிமாறுபவர் சற்று ஆறவிட்டுக் கடிக்கச் சொல்வது வழக்கம், ஏனென்றால் முதல் கடியில் பீறிடும் சீஸ் நாக்கைப் பொசுக்கிவிடும். 2014 ஜூனில் அதிபர் பராக் ஒபாமா அங்கே வந்து அதைச் சாப்பிட்டார். கடையின் சமையலிடம் மிகச் சிறியது. பல ஆண்டுகளாக எண்ணெய் ஏறிப் பழகிய ஒரே கல்லும், அதன்முன் நிற்கும் ஒருவரும்தான் எல்லாம்.

இப்படிப்பட்ட கடைகள் குறைவு. 1960களிலிருந்து உறைநிலை உணவு விநியோகம் பெருகியது. 1969இல் ஹூஸ்டனில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய சிஸ்கோ போன்ற மொத்த விநியோக நிறுவனங்களின் லாரி, ஒரே அளவில் அச்சிட்ட இறைச்சி வட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கடை வாசலில் இறக்கியது. அரைக்க வேண்டாம், உருட்ட வேண்டாம், கெட்டுப்போகாது. ஆனால் இறைச்சி உறையும்போது அதன் நீர் பனிப் படிகமாகித் தசைநாரின் உயிரணுச் சவ்வுகளைக் கிழிக்கிறது. கல்லில் போட்டதும் அந்த நீர் கசிந்து வெளியேறுகிறது. மாலைக் கூட்டத்தில் சின்னக் கல்லில் பன்னிரண்டு வட்டுகளை நெருக்கி அடுக்கினால் சூடு இறங்கிவிடும். இறைச்சி முறுகாமல் தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். அவசரத்தில் கரண்டியால் அழுத்தினால் மிச்சமிருந்த கொழுப்பும் ஓடிவிடும். நல்ல பர்கருக்குக் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும், அதுதான் ஈரமும் ருசியும். பீர் ஊற்றுவதிலேயே லாபம் பார்க்கும் கடை இந்த நுணுக்கங்களுக்காக இன்னொரு கல்லும் இன்னொரு ஆளும் வைப்பதில்லை.

1993இன் தொடக்கத்தில் நிலைமை வேறு வகையில் மாறியது. ‘ஜாக் இன் தி பாக்ஸ்’ துரித உணவகங்களின் சரியாக வேகாத பர்கர்களால் மேற்கு மாநிலங்களில் 700க்கு மேற்பட்டோர் ஈ. கோலை O157:H7 நுண்ணுயிரால் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். முழு இறைச்சித் துண்டில் நுண்ணுயிர் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும், வெளிப்புறம் சுட்டாலே அழியும். அரைக்கும்போது மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுவதால் நடுப்பகுதியும் வேக வேண்டும். கொத்திறைச்சியின் நடுவெப்பம் 68 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது உணவகங்களுக்கான நெறியானது. வீட்டுச் சமையலுக்கு 71 டிகிரி பரிந்துரைக்கப்பட்டது. 1994இல் அந்த நுண்ணுயிர் கொண்ட கொத்திறைச்சியை விற்பதே சட்டவிரோதம் என வேளாண்துறை அறிவித்தது. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் பர்கரை விற்க 2012 வரை வட கரோலினா அனுமதிக்கவில்லை. குழந்தைகள் மாண்ட பிறகு வந்த இந்த விதிகளைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் சுமார் 65 டிகிரிக்கு மேல் இறைச்சியின் இணைப்புத் திசு சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும் என்பதும் உண்மை. அந்த இழப்பை ஈடுகட்டும் சமையல் முறையைத்தான் பப்புகள் தேடியிருக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறு. அதற்கான வேர் முன்பே ஊன்றியிருந்தது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சிச் சட்டத்தில் அனுமதித்தார். 1982இல் வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவில் பெர்ட் கிராண்ட், மதுவிலக்குக் காலத்துக்குப் பிந்தைய முதல் ‘பீர் காய்ச்சும் பப்’பைத் திறந்தார். 1985இல் ஓரிகன் சட்டமும் இடம் கொடுக்க, மக்மெனமின் சகோதரர்கள் போர்ட்லாந்தில் தொடங்கினர். பீர் தரத்தில் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. பக்கத்தில் வைக்கும் பர்கரும் அந்த விலைக்கு ஏற்றதாகத் தோன்ற வேண்டுமே. 1991இல் லண்டன் ஃபாரிங்டனில் திறந்த ‘தி ஈகிள்’ வழியாக, பப்பிலும் நல்ல சமையல் சாத்தியம் என்ற எண்ணம் அமெரிக்காவுக்கும் வந்தது. சாண்டா மோனிகாவின் ‘ஃபாதர்ஸ் ஆஃபீஸ்’ என்ற பழைய மதுக்கூடத்தை 2000இல் வாங்கிய சமையல்கலைஞர் சாங் யூன், பதப்படுத்தி முதிர்ந்த மாட்டிறைச்சி, வதக்கிய வெங்காயம், இரண்டு வகைச் சீஸ் சேர்த்து ஒரு பர்கர் வைத்தார். கெட்சப் கிடையாது, எதையும் மாற்றித் தரவும் மாட்டார்கள். 2001இல் நியூயார்க்கில் டேனியல் பூலூ வாத்தின் ஈரலை உள்ளே வைத்து 27 டாலருக்குப் பர்கர் விற்றார். இவர்கள் கைத்திறன் உள்ளவர்கள், இறைச்சியின் தரம் அறிந்தவர்கள்.

நகலெடுத்த பேட்டை பப்புகளுக்கு வந்து சேர்ந்தது கனம் மட்டும். கால் கிலோவுக்கு நெருக்கமான வட்டு, பன்னைவிட உயரமான அடுக்கு, பலகையில் பரிமாறல். இவ்வளவு தடித்த வட்டின் நடுப்பகுதி 68 டிகிரிக்கு வருவதற்குள் வெளிப்புறம் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். மெல்லிய வட்டு இரண்டே நிமிடத்தில் முழுதும் வெந்து, ஓரம் முறுகி, ஈரத்தை இழக்க நேரமில்லாமல் வெளியே வந்துவிடும். தடித்த வட்டு பாதுகாப்புக்கும் ருசிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பப் பர்கரின் இன்றைய ஏமாற்றத்துக்கு மிகப் பெரிய தனிக் காரணம் இந்தத் தடிமன்தான். இறைச்சியில் உப்பைக் கலந்து பிசைந்து வைக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டால் புரதம் ஒட்டிப்போய், கடிக்கும்போது ரப்பர்போல இழுக்கும்.

2010களில் போக்கு மறுபடி மெல்லிய வட்டின் பக்கம் திரும்பியது. கொத்திறைச்சி உருண்டையைக் கொதிக்கும் கல்லில் வைத்து முதல் சில விநாடிகளுக்குள் நசுக்கிப் பரப்பினால், கொழுப்பு உருகி ஓடுவதற்கு முன்பே அடிப்பக்கம் பழுப்பாக முறுகும். 1920களில் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில், விலை கூடிய இறைச்சியை மிச்சப்படுத்த வெங்காயச் சீவலோடு சேர்த்து நசுக்கிச் செய்த பர்கரும் இதே நுட்பம்தான். சமையலறையே இல்லாத சிறு பீர் ஆலைகள் பலவும் இப்போது உணவை வாசலில் நிற்கும் வண்டிக்காரரிடம் விட்டுவிட்டன. பீர் ஆலையின் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. அவருடைய அன்றாட வருமானம் முழுவதும் அந்தக் கல்லில் வேகும் பர்கரிலிருந்துதான் வர வேண்டும்.