தேய்வு என்னும் தீர்ப்பு

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி நிற்கும் நிலையம் ஒன்று உண்டு. தாம்பரம் சானட்டோரியம் என்பது அதன் பெயர். அங்கே நாள்தோறும் ஏறி இறங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரை எண்ணிப் பார்த்திருப்பர்? நலப்படுத்துதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அந்த நலச்சொல் இங்கே வேரூன்றுமுன் ஆட்சி செலுத்தியவை அழிவுச் சொற்கள்!

காசநோயாளியை ஆங்கிலேயர் 'கன்சம்ப்டிவ்' என்றனர். தின்று தீர்த்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பெயரடையாக இருந்த அச்சொல், பின்னர் ஆளையே குறிக்கும் பெயராகவும் ஆயிற்று. நோயுற்ற மனிதன் என்ற நிலை போய், மனிதனே நோயானான். 1821-இல் 25 வயதில் அந்நோய்க்கு இரையான கவிஞன் கீட்சின் மெலிவிலே அழகு கண்டு மயங்கியோரும் அந்நாட்டில் இருந்தனர்.

இங்கோ, 'க்ஷயம்' என்றனர் வடமொழியாளர். தேய்வு என்பது பொருள். அதற்குப் புராணமும் புனைந்தனர். தக்கன் தன் மகளிர் இருபத்தெழுவரைச் சந்திரனுக்கு மணமுடித்தானாம், அவன் உரோகிணி ஒருத்தியிடமே மயங்கிக் கிடந்தானாம், மாமன் சபித்தானாம், மருமகன் தேய்ந்தானாம்! கதைதானே என்று சிரித்துவிடலாமா? நோய்க்குக் காரணம் சாபம் என்றால் நோயாளி குற்றவாளி ஆகிறானே! குற்றவாளிக்குக் கிடைப்பது மருந்தா, தண்டனையா? 'எலும்புருக்கி' என்ற தமிழ்ச்சொல் சாபம் பேசவில்லை. கண்ணால் கண்டதையே சொல்லிற்று. எனினும், அச்சத்தை அதுவும் போக்கவில்லை.

1882 மார்ச் 24-இல் பெர்லின் நகரில் இராபர்ட் காக், நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக அறிவித்தார். சாபம் நின்ற இடத்தில் கிருமி வந்து நின்றது. எனினும் கொல்லும் மருந்து அன்று இல்லை. தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகியவையே மருத்துவம். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் நடத்தி, கணித மேதை இராமானுசனுக்கும் மருத்துவம் பார்த்த டாக்டர் சௌரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் சானட்டோரியம் நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளுள் ஒரு பகுதியினர் வீட்டிலும், ஏனையோர் மருத்துவ இல்லத்திலும் ஓராண்டு மருந்துண்டனர். பெரும்பாலோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழையர். முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அதனால் வீட்டாருக்குத் தொற்று மிகவுமில்லை. ஒதுக்கி வைத்தால்தான் உய்வு என்ற எண்ணம் தகர்ந்தது. உலகம் அந்த முடிவைப் பின்பற்றிற்று.

அத்தோடு முடிந்ததா? எய்ட்ஸ் வந்தபோது, பாவத்தின் சம்பளம் என்று பழைய சாபமே புதுவேடம் பூண்டது. பிற இடங்களில் கதவடைக்கப்பட்டோரை 1993 முதல் ஏற்றது அதே தாம்பரம் மருத்துவமனை!

தேய்ந்தவன், அழிந்தவன், பாவி என்பன நோயின் பெயர்கள் அல்ல. சமுதாயம் எழுதும் தீர்ப்புகள். கிருமிக்கு மருந்து கிடைத்துவிட்டது. தீர்ப்பெழுதும் நாவைத் திருத்துவது நம் பணி அன்றோ?