மலைச்சரிவிற் குளம்: வண்ணக் கெண்டையும் ஊவா மலையகமும்

வீட்டுக் கொல்லையிலே சிறு குளம் ஒன்றை அமைத்து அழகு மீன்களை வளர்த்தல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. வரலாற்று மாணவரின் கருத்தைக் கவரக்கூடிய பொருள் அதில் யாதுளது எனச் சிலர் வினவலாம். ஆயின், குளம் தோண்டுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்தின்மீது உரிமை வேண்டும். நீரை வரவிடவும் போகவிடவும் வழி வேண்டும். இம்மூன்றும் யாருக்கு வாய்த்தன, யாருக்கு வாய்க்கவில்லை என்னும் வினா சமூக வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இரத்தினபுரியிலிருந்து வெல்லவாய நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் பாதை பிரியும் பெரகலையையும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழகுக்காக நீரைத் தேக்கிய மரபு இலங்கைக்குப் புதியதன்று. அநுராதபுரத்திலே திஸ்ஸ வாவியின் கரையை அடுத்து அமைந்த 'ரன்மசு உயன' என்னும் அரச பூங்காவின் பெயருக்குப் பொன்மீன் பூங்கா என்பதே பொருள். வாவியின் நீர் தன் ஈர்ப்பினாலேயே அங்குள்ள பொய்கைகளை நிரப்பியது. பொய்கைகளை விட்டு வெளியேறும் நீர் விகாரைக்குரிய வயல்களுக்குப் பாய்வதை 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெஸ்ஸகிரிக் கல்வெட்டு ஒழுங்குபடுத்துகின்றது. அரசன் நீராடிய நீரும் வீண்போகாது உழவனைச் சென்றடைய வேண்டும் என்ற நியதி ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதே நகரின் குட்டம் பொக்குண எனப்படும் இரட்டைக் குளத்திலே, நீர் நேரடியாகக் குளத்தினுள் விழுவதில்லை. முதலிற் சிறு தொட்டிகளில் தங்கி, வண்டலைக் கீழே விட்டுத் தெளிந்த பின்னரே உட்புகுகின்றது. இன்றைய மீன்குளங்களில் வடிகட்டிக்கு முன்னர் அமைக்கப்படும் வண்டற் தொட்டியின் தத்துவமும் இதுவேயாகும்.

ஆயினும் இன்று உலகெங்கும் கொல்லைக் குளங்களிற் காணப்படும் வண்ணக் கெண்டை அரசர் பூங்காவிற் பிறந்ததன்று. உழவர் வயலிற் பிறந்தது. யப்பானின் நீகாத்தா மாவட்டத்து யமகோஷி மலைப்பகுதியில் உழவர்கள் படிக்கட்டு வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதற்கெனச் சிறு குளங்களை வெட்டியிருந்தனர். பனி மூடிய நீண்ட குளிர்காலத்தில் உணவாகும் பொருட்டு அவற்றிற் கெண்டை மீன்களை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மீன்களிடையே செந்நிறமும் வெண்ணிறமும் கொண்டவை இயல்பாகத் தோன்றின. அவற்றை உண்ணாது பேணி, இணைத்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததன் விளைவே 'நிசிகிகொய்' எனும் இனவகை. 1914இல் தோக்கியோவில் நடைபெற்ற கண்காட்சியின் பின்னரே யப்பான் முழுவதும் அதனை அறிந்தது. வறிய மலைநாட்டு உழவர் உலகுக்கு ஒரு கலையை வழங்கியமைக்குக் காரணம் யாது? அவர்தம் வயலும் குளமும் அவர்தம் கையில் இருந்தமையே எனலாம். தெரிந்தெடுத்தல் ஓராண்டில் முடியும் பணியன்று. நாளையும் இந்நிலம் எமதே என்ற நம்பிக்கை இல்லாதவன் அதிற் கைவைக்க மாட்டான்.

இனி, எமது மலையகத்தை நோக்குவோம். கோப்பிப் பயிர் நோயினால் அழிந்து தேயிலை வேரூன்றிய காலப்பகுதியிலே ஆங்கிலேயர் தம் தாயகத்தின் நீர்க்காட்சிகளையும் இங்குப் படைக்க முற்பட்டனர். நுவரெலியாவில் 1873இல் கிரகரி வாவி உருவாயிற்று. 1880களில் தூண்டில் விளையாட்டுக்கென இங்கிலாந்திலிருந்து திரவுட் மீன்கள் கொண்டுவரப்பட்டு மலைநாட்டு ஓடைகளில் விடப்பட்டன. தாமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள அடிஷம் மாளிகை 1931இல் ஆங்கிலப் பாணியில் எழுந்தது. துரைமாரின் பங்களாக்களைச் சுற்றிப் புற்றரையும் பூம்பாத்தியும் விரிந்தன. அவற்றைப் பேணியவர் தோட்டத் தொழிலாளரே. அவருடைய கைகள் தோட்டக் கலையை நன்கறிந்திருந்தன. கலையைப் பயிலத் தமக்கென ஒரு தோட்டமே அவரிடம் இருக்கவில்லை.

இங்கு ஓர் ஒப்பீடு செய்தல் பொருந்தும். தொழிலாளர் குடும்பமொன்று வாழ்ந்த லயத்துக் காம்பராவின் அளவு பொதுவாக 10 அடிக்கு 12 அடி என்பர். வண்ணக் கெண்டைகள் சிலவற்றை முறையாக வளர்க்க விழைவோர் அமைக்கும் நடுத்தரக் குளம் ஒன்றின் பரப்பும் ஏறத்தாழ அதுவேயாகும். 4 அடி ஆழமுடையதாயின் அது சுமார் 13,500 லீற்றர் நீரைக் கொள்ளும். அதே காலத்தில் லயத்து மாதர் பீலிக்கரையிலே குடத்துடன் வரிசையில் நின்றனர் என்பதை நினைவுகூரும்போது, கொல்லைக் குளம் என்னும் சொற்றொடரே மலையகத்தில் எத்துணை அந்நியமானது என்பது புலனாகும். லயத்தின் பின்புறம் இன்னொரு லயமோ, மண்மேடோ, கானோதான் இருந்தது, கொல்லை இருக்கவில்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஆயின் நிலம் அதில் உழைத்தோரைச் சேரவில்லை. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் நிலை மாறவில்லை. 2015ஆம் ஆண்டையொட்டியே தனிவீட்டுக்கென 7 பேர்ச் காணி வழங்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் பாதையும் போக எஞ்சுவது சிறு துண்டே. எனினும் இருநூறு ஆண்டு வரலாற்றில் அது புதியதோர் இடம்: தான் நட்ட மரத்தின் கனியைத் தானே உண்ணக்கூடிய இடம். காய்கறிப் பாத்தியா, கோழிக்கூடா, மீன்தொட்டியா என்பதைத் துரையோ கங்காணியோ அன்றி, அக்குடும்பமே தீர்மானிக்கும்.

இவ்விடத்தில் மலைச்சரிவின் இயல்பையும் மறத்தலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பெரகலைக்கு அண்மையிலுள்ள கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. ஆபத்துப் பற்றி அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், எழுந்து செல்வதற்கு வேறு நிலம் அம்மக்களின் கையில் இருக்கவில்லை. 2025 நவெம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பேரிழப்பை எய்தியது. வண்ணக் கெண்டையின் தாயகத்துக்கும் இத்துயர் நேர்ந்தமை கருதத்தக்கது. 2004 ஒக்டோபர் 23ஆம் திகதி ஏற்பட்ட நிலநடுக்கத்தால் யமகோஷியின் சரிவுகள் இடிந்தன, குளங்கள் பிளந்தன, ஊர் முழுவதும் உலங்கு வானூர்திகளால் வெளியேற்றப்பட்டது. ஆயின் அவ்வூரவரிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் மீண்டு, தம் வயல்களையும் குளங்களையும் மறுபடி கட்டினர். மீள்வதற்கு அவர்க்குச் சொந்த மண் இருந்தது. இரண்டு மலைநாடுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மழையிலோ மண்ணிலோ மட்டும் இல்லை, உரிமையிலும் உள்ளது.

ஆதலின் ஊவாச் சரிவிற் குளம் அமைக்க விரும்புவோர் சில நியதிகளைப் பேணவேண்டும். சரிவின் அடியை வெட்டுதல் ஆகாது. மலை வெட்டு விளிம்பிலும் குளம் கூடாது. கசியும் நீர் மண்ணுள் இறங்கிப் பாரத்தைக் கூட்டிப் பிடிமானத்தைத் தளர்த்தும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவது நன்று. மேலதிக நீர் கற்பதித்த கான் வழியே வெளியேற வேண்டும். தேயிலை மலையிற் கான் வெட்டி மண் காத்த முன்னோரின் அறிவு இங்குப் பெரிதும் பயன்படும். புதிய சீமெந்துத் தொட்டியின் சுண்ணத்தன்மை நீங்க, வாழைத்தண்டு இட்டுப் பன்முறை நீர் மாற்றிய பின்னரே மீனை விடவேண்டும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். வடிகட்டியின் கற்களிலே குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். அவை பெருகச் சில வாரங்கள் செல்லுமாகையால், தொடக்கத்தில் மீன்கள் சிலவே போதும். மாற்றிய நீரை வீசாது காய்கறிப் பாத்திக்கு விடலாம். நைத்திரேற்று பயிருக்கு உணவு. ஆனால் கெண்டையை ஓடையிற் தப்பவிடலாகாது. சேற்றைக் கிளறும் அவ்வந்நிய மீன் உள்ளூர் மீன்களின் வாழ்விடத்தைக் கெடுக்கக்கூடும்.

இதுவரை கூறியவற்றால், குளம் என்பது நீரும் மீனும் மட்டுமன்று என்பது தெளிவாகும். அநுராதபுரத்தில் அது அரசனின் உடைமையாக இருந்தும் உழவனின் வயலோடு இணைந்திருந்தது. யமகோஷியில் அது உழவனின் உடைமையாகிக் கலையாக மலர்ந்தது. ஊவாவில் அழகு பங்களாவின் பக்கமும் உழைப்பு லயத்தின் பக்கமுமாகப் பிரிந்து நின்றன. மலையகக் குடும்பமொன்று உறுதிப் பத்திரத்தோடும் உறுதியான நிலத்தோடும் தன் கொல்லையிலே சிறு குளமொன்றை வெட்டிக்கொள்ளுமாயின், அச்செயல் பொழுதுபோக்கு என்ற எல்லையைக் கடந்து நிற்கும். அத்தகைய கொல்லை ஒவ்வொரு லயத்துக் குடும்பத்துக்கும், சரியாத நிலத்திலே, கிடைக்கச் செய்தலே இன்று எஞ்சியுள்ள கடமையாகும்.