எல்லா ஸ்கேனும் கதிர் அல்ல

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போகும் நம் குடும்பங்களில், எல்லா ஸ்கேனுமே கதிர் என்று அஞ்சுவோர் உண்டு. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் காதுக்கு எட்டாத ஒலிதான். சிசுவின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியே படமாகிறது. 1895-ல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரேயும், அதைச் சுழலவிட்டு எடுக்கும் சி.டி.யும் கதிர். கர்ப்பமோ என்ற ஐயம் இருந்தால்கூட, கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோய்க்கு வெளியிலிருந்து பாய்ச்சும் கதிரும் கருவி நின்றதும் உடம்பில் தங்காது. சிகிச்சை முடிந்து வீடு வந்த தாயிடமிருந்து பிள்ளைகளை விலக்கி வைப்பது வீண் கொடுமை.

எம்.ஆர்.ஐ.யில் இருப்பது காந்தம். பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவி, பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் இழுக்கும். மக்கனாவில் குத்திய ஊக்கு, சில்லறை, சாவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள், துணைக்குப் போகிறவரும்தான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அதைச் சொல்லாமல் உள்ளே நுழையவே கூடாது.