செத்தும் அடங்காத 'நான்தான்'

சிங்கப்பூரை நிறுவியவர் யார் என்று கேட்டால், ராஃபிள்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். மனுஷன் மூணு தடவை வந்தார். எல்லாம் சேர்த்தால் ஓராண்டுகூடத் தேறாது. 1819 முதல் 1823 வரை இங்கேயே கிடந்து ஊரை நடத்தியவர் வில்லியம் ஃபார்குவார். அவரை ராஃபிள்ஸ் பதவியிலிருந்து இறக்கினார். 1839இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இறந்த ஃபார்குவாரின் கல்லறையில், சிங்கப்பூரை நிறுவியவர் இவர் என்று பொறித்துவைத்திருக்கிறார்கள். செத்தும் அடங்காத 'நான்தான்!'

சரி, ராஃபிள்ஸாவது ஜெயித்தாரா? 1826இல் அவர் சாகும்போது, 22,000 பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி நெருக்கிக்கொண்டிருந்தது. புதைத்த இடமே 1914 வரை தெரியாமல் கிடந்தது. சிங்கப்பூரில் சிலை வந்தது 1887இல், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி. சுதந்திரச் சிங்கப்பூர் 1972இல் ஆற்றங்கரையில் அதற்கொரு வெள்ளை நகலும் வைத்தது. சிலையாக நிற்பவருக்கு அதனால் ஒரு லாபமுமில்லை. வைக்கிறவர்களுக்குத்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடி.

நாம மட்டும் என்ன? 2019 ஜனவரியில் அந்த வெள்ளை ராஃபிள்ஸ் பக்கத்தில் சில நாட்களுக்கு நால்வர் சிலைகளை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் நாராயண பிள்ளை. 'நம்ம ஆளு!' என்று எனக்கும் மார்பு அரை அங்குலம் விரிந்தது. பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்தவர். செங்கல் சூளை போட்டவர். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழுப்பியவர். பெருமைப்பட நியாயம் உண்டு.

ஆனால் 1825இல் பெங்கூலனிலிருந்து வந்திறங்கிய இந்தியக் கைதிகளை 'நம்ம ஆளு' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சென்னை மாகாணத்தவரும் அதில் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. தாத்தா வியாபாரி என்றால் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவோம்; கைதி என்றால் பரணில் ஏற்றிவிடுவோம். மூதாதையர் நமக்கு வாய்ப்பதில்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறோம்.

லிட்டில் இந்தியா வழியாகப் போகிறதே சிராங்கூன் சாலை, அதில் 1858இல் அரசாங்கம் செங்கல் சூளை ஒன்று வைத்தது. வேலை செய்தவர்கள் கைதிகள். 1867 ஆக்ரா கண்காட்சியில் அந்தச் செங்கல்லுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. செங்கல்லுக்குப் பேர் வந்தது. அறுத்தவன் பேர் எந்தக் கல்லிலும் இல்லை.