வெள்ளத்தின் அளவுகோல்: உலகப் பெருவெள்ளக் கொள்கையும் பாறைச் சான்றும்

ஜான் விட்கோம்பும் ஹென்றி மோரிஸும் 1961-இல் வெளியிட்ட ‘தி ஜெனிசிஸ் ஃபிளட்’ என்னும் நூல், புதைபடிவங்களைத் தாங்கிய பாறையடுக்குகளில் பெரும்பகுதி நோவா காலத்து வெள்ளத்தில் படிந்தவை என்று வாதிட்டது. மெல்ல நிகழும் மாற்றத்தை மட்டுமே நம்பும் நிலவியலாளர்கள் பேரழிவின் தடயங்களைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பது, பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே எனக் கொள்ளும் இளம்பூமிக் கொள்கையினரின் நெடுநாள் குற்றச்சாட்டு. அது வரலாற்றோடும் பொருந்தவில்லை, பாறையோடும் பொருந்தவில்லை. கதிரியக்கக் காலக்கணிப்பைச் சற்றே ஒதுக்கிவைத்தாலும் இதை நிறுவ முடியும்.

முதலில் வரலாறு. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் பக்லேண்ட் 1823-இல் குகைப் படிவுகளையும் எலும்புகளையும் பெருவெள்ளத்தின் சான்றாகவே முன்வைத்தார். அவரும் கேம்பிரிட்ஜின் ஆடம் செட்ஜ்விக்கும் திருச்சபைக் குருமார். வெள்ளத்தைத் தேடியவர்களே அதைக் கைவிட்டார்கள். ஒரே வெள்ளத்தின் விளைவு எனக் கருதிய சரளைப் படிவுகள் வெவ்வேறு காலத்தவை என்று தெளிந்ததும், 1831-இல் லண்டன் நிலவியல் கழகத் தலைமையுரையில் செட்ஜ்விக் தம் முந்தைய கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். 1836-இல் பக்லேண்டும் அவ்வழியே வந்தார்.

அதற்காக நிலவியல் வெள்ளத்தையே வெறுத்துவிடவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் வறண்ட பாறைக்கால்வாய்களைப் பெருவெள்ளமே அரித்தது என்று ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் பனியாற்று அணையால் தேங்கிய மிசௌலா ஏரி உடைந்து வடிந்ததற்குச் சான்றாக, மாபெரும் அலைத்தடங்களை ஜோசப் பார்டி 1942-இல் விவரித்தார். கருத்து மாறியது, 1979-இல் பிரெட்ஸுக்குப் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. பெருவெள்ளம் எத்தகைய தடயங்களை விட்டுச்செல்லும் என்பதற்கு இதனால் நேரடி அளவுகோல் ஒன்று வாய்த்தது: அகழ்ந்த கால்வாய், உருண்ட பெரும்பாறை, ராட்சத அலைத்தடம்.

அந்த அளவுகோலோடு கிராண்ட் கேன்யனை அணுகினால் காண்பது வேறு. அங்குள்ள ரெட்வால் சுண்ணாம்புக்கல் இறுகி, நீர்மட்டத்துக்கு மேல் வெளிப்பட்டு, குகையும் பள்ளமுமாகக் கரைந்த பிறகே சர்ப்ரைஸ் கேன்யன் படிவுகள் அப்பள்ளங்களை நிரப்பின. அதற்கு மேலே உள்ள கோகோனினோ மணற்கல்லில் நாற்கால் விலங்குகளும் சிலந்தியினங்களும் மணல்மேட்டில் நடந்த தடங்கள் பதிந்துள்ளன. இம்மணல்மேடுகள் நீருக்கடியில் உருவானவை என்பது வெள்ளக் கொள்கையினரின் மறுப்பு. அதை ஏற்றாலும், அதற்குக் கீழே கிடக்கும் ஆயிரக்கணக்கான அடி வண்டலைக் குவித்த வெள்ளத்தின் நடுவே அவ்விலங்குகள் உயிரோடு நடந்தது எங்ஙனம் என்பதற்கு விடையில்லை.

டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையிலுள்ள காஸ்டீல் படிவு இன்னும் கடினமான சோதனை. கால்சைட்டும் அன்ஹைட்ரைட்டும் மாறிமாறி அமைந்த சுமார் 2,60,000 மெல்லிய இணையடுக்குகள் அதில் உள்ளன. அவற்றுட் சிலவற்றை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டியுள்ளனர். ஒவ்வோர் இணையும் ஓராண்டைக் குறிக்கிறதா என்ற விவாதமே இங்கு வேண்டாம். வெள்ளம் நீடித்ததாகச் சொல்லப்படும் ஓராண்டு முழுவதையும் இப்படிவு ஒன்றுக்கே கொடுத்தாலும், இரண்டு நிமிடத்துக்கு ஓர் இணை படிந்திருக்க வேண்டும். அதுவும் கலங்காத உப்புநீரில்.

ஆக, ஒரே ஆண்டின் நீர் கண்டங்களை அரிக்கும் வேகத்தில் பாய்ந்ததாகவும், உப்பு படியும் அளவுக்கு அசைவற்றுத் தேங்கியதாகவும் இக்கொள்கை கொள்ள வேண்டியுள்ளது. நிலவியல் அதை மறுப்பது பேரழிவை ஏற்க மனமின்றி அன்று. மெய்யான பேரழிவின் தடயம் எது என்று அறிந்திருப்பதால்தான்.