குமாஸ்தாவின் பெண் வந்த வழி

ஒரு நாடகம் ஓர் ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்னரே அதன் பெயர் அங்கே வந்து சேர்ந்துவிடும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலும் மலையாள நாட்டிலும் நாடகம் பார்த்த மக்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். மதுரையில் நடந்த நாடகத்தைத் திருநெல்வேலி பேசும். கோயம்புத்தூரில் கொட்டகை நிறைந்த செய்தி பாலக்காட்டுக்கு எட்டும். “அடுத்த முகாம் நம் ஊர்தானாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டாலே போதும்; கடைத்தெருவிலும் குழாயடியிலும் அதுவே பேச்சாகிவிடும்.

அவ்வாறு காத்திருந்த மக்களைப் பற்றியதே இக்கட்டுரை. தேவரும் அசுரரும், அரசரும் அரசியரும் மேடையில் தோன்றும் நாடகங்களுக்காக ஊர் காத்திருந்ததில் வியப்பில்லை. ஓர் ஏழைக் குமாஸ்தாவின் வீட்டுக் கதைக்காகவும் மக்கள் காத்திருந்தனரே, அது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். இதனை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணமும் உண்டு. அடியேனும் ரயில்வேயில் எழுத்துப்பணி புரியும் ஒரு குமாஸ்தா. ‘குமாஸ்தாவின் பெண்’ என்ற நாடகத்தின் பெயரைக் கேட்டபோது, இது நம் காலனியில் எந்த வீட்டுக்கும் பொருந்தும் பெயராயிற்றே என்று தோன்றியது.

கம்பெனி வரும் வழி

அக்காலத்து நாடகக் கம்பெனியை இடம்பெயரும் ஒரு சிற்றூர் என்றே சொல்லலாம். நடிகர், பின்பாட்டுக்காரர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், காட்சி ஜோடிப்போர், சமையற்காரர் என அனைவரும் ஒன்றாகவே பயணம் செய்வர். பையன்களைக் கொண்டு நடத்தப்பட்ட ‘பாய்ஸ் கம்பெனி’யாயின் சிறுவர்களுக்கு வசனமும் பாட்டும் சொல்லித்தரும் வாத்தியாரும் உடன் வருவார். திரைச்சீலைகள், படுதாக்கள், உடுப்புப் பெட்டிகள், கிரீடங்கள், விளக்குகள் ஆகியவையெல்லாம் மூட்டை மூட்டையாகச் சேரும். ஓர் ஊரில் முகாமிட்டால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிப் பல நாடகங்களை மாற்றி மாற்றி நடத்துவர். வருவதற்கு முன்னர் நோட்டீசு வரும். சுவர்களில் விளம்பரம் ஏறும். மாட்டுவண்டியில் தட்டியைக் கட்டி, வாத்தியம் முழங்கத் தெருத்தெருவாக அறிவிப்பர்.

நம் கொச்சிக்கு வருவது அக்காலத்தில் எளிதன்று. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் பாதை 1902-இல் திறக்கப்பட்டது. ஆனால் அது மீட்டர் கேஜ் பாதை. சென்னை, கோயம்புத்தூர் மார்க்கமாக வரும் பெரிய பாதையிலிருந்து சிறிய பாதைக்கு ஷொர்ணூரில் மாறவேண்டும். 1934-இல் அப்பாதை அகலப்படுத்தப்படும் வரை, மூட்டை முடிச்சுக்களை அங்கே இறக்கி ஏற்றுவது தவிர்க்க முடியாததாயிற்று. தெற்கே திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்திலிருந்து வருவோருக்கு அதுவும் இல்லை. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயத்துக்கு 1956-இலும், அங்கிருந்து கொல்லத்துக்கு 1958-இலுமே ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் கொல்லத்திலிருந்து ஆலப்புழை வழியாகக் காயலில் படகேறி வருவதே வழக்கமான மார்க்கம். துறைமுகப் பாலங்கள் எழுவதற்கு முன் எர்ணாகுளத்தில் வந்திறங்கியவர்கள் மட்டாஞ்சேரிக்கு வரவும் மீண்டும் படகே துணை. ஆகவே ஒரு கம்பெனி இங்கே வருகிறது என்றால் அதன் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு இருந்திருக்கும் என்பதைச் சரக்கு ஏற்றி இறக்கிய அனுபவமுள்ளோர் உடனே உணர்வர்.

மொழி தடையாகவில்லை

தமிழ் நாடகத்துக்கு மலையாள நாட்டில் மொழி தடையாக இருந்ததா என்றால், இல்லை என்றே வரலாறு கூறுகிறது. தமிழ்க் கம்பெனிகள் இங்கே ஊர் ஊராக நடத்திய இசை நாடகங்களைக் கண்டு, அவற்றின் வழியைப் பின்பற்றியே மலையாளத்திலும் சங்கீத நாடகங்கள் தோன்றின. 1890-களில் டி. சி. அச்சுத மேனோன் இயற்றிய ‘சங்கீத நைஷதம்’ அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. மலையாள நாடக மேடையில் பாடி நடித்தவர்களைப் ‘பாகவதர்’ என்று தமிழகத்தைப் போலவே இங்கும் அழைத்தனர். நம் கொச்சிக் கோட்டையைச் சேர்ந்த அகஸ்டின் ஜோசப் அத்தகைய இசை நாடக நடிகர்களுள் ஒருவர். பாடகர் ஏசுதாசின் தந்தையார் அவர்.

அரண்மனையும் யூதர் தெருவும், கொங்கணியர் கோயிலும் குஜராத்தியர் கிடங்குகளும் அடுத்தடுத்து அமைந்த மட்டாஞ்சேரிக்கு வேற்றுமொழி ஒரு புதுமையன்று. வெளிப் பகுதியில் பல தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ் மக்களைப் போல, உழைக்க வந்து இம்மண்ணிலேயே ஊன்றியவர்கள் இங்கே பலர். இத்தகைய ஊரில் நாடகம் எம்மொழியில் வந்தாலும், அது சொல்லும் கதை யாருடையது என்பதே பெரிதாகும்.

காட்சியும் கதையும்

நாடகத்துக்காகக் காத்திருப்பதில் இருவகை உண்டு. ஒன்று, கண்கொள்ளாக் காட்சிக்காகக் காத்திருப்பது. கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ அவ்வகைப் புகழுக்குச் சான்று. பின்னர் நவாப் இராஜமாணிக்கம் தம் தேவி பால விநோத சங்கீத சபாவின் வாயிலாகத் தந்திரக் காட்சிகள் நிறைந்த நாடகங்களை நடத்தினார். இம்மலையாள மண்ணின் ஐயப்பன் சரித்திரத்தை அவர் நாடகமாக்கிச் சபரிமலையின் பெருமையைத் தமிழகத்தில் பரப்பியதையும் நாம் மறத்தற்கில்லை.

மற்றொன்று, தம் வீட்டுக் கதை மேடையேறுவதைக் காணக் காத்திருப்பது. இவ்வகையை வளர்த்ததில் டி. கே. எஸ். சகோதரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய இந்நால்வருள் சண்முகம் 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களாகச் சேர்ந்து நடிப்புப் பயின்ற இவர்கள், 1925-இல் ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினர். அதுவும் திருவனந்தபுரத்திலேயே. புராண நாடகங்களில் தேர்ந்திருந்த இவர்களைச் சமூக நாடகத்தின் பக்கம் திருப்பியவர் எம். கந்தசாமி முதலியார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் அவரால் மேடைக்கு வந்தன.

அவ்வழியில் 1930-களின் பிற்பகுதியில் எழுந்ததே ‘குமாஸ்தாவின் பெண்’. இதன் மூலக்கதை தமிழன்று. வங்காளத்தில் நிருபமா தேவி என்ற அம்மையார் எழுதிய நாவலைத் தழுவியது. அவ்வம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். ஏழைக் குமாஸ்தா ஒருவர். மணமாக வேண்டிய பெண்கள் இருவர். கொடுப்பதற்கு வரதட்சணை இல்லை. வேறு வழியின்றி மூத்த பெண்ணை ஒரு கிழவருக்கு மணம் செய்து கொடுக்கின்றனர். அவள் விரைவிலேயே கைம்பெண் ஆகின்றாள். பின்னர் வரும் துன்பங்களுக்கெல்லாம் வித்து இதுவே.

இக்கதைக்கு மாயக் காட்சி வேண்டியதில்லை. ஒரு கூடம், ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு இருந்தால் போதும். எனவே வரப்போகும் ஊர் எதிர்பார்த்ததும் காட்சியை அன்று. கொட்டகைக்குப் புறப்படும்போதே பார்ப்போருக்குக் கதையின் சாரம் தெரியும். தெரிந்தும் போனார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. தன் மகளுக்கு வரன் தேடி அலையும் ஒரு தந்தை, மேடையில் இன்னொரு தந்தை அதே துயரில் தவிப்பதைக் காண்கிறார். அருகில் அமர்ந்திருப்பவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வீட்டுக்குள் அடைத்துவைத்த வேதனை தமக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கே உரியது என்பதை அந்த ஓரிரவில் அறிந்து இருவரும் திரும்புகின்றனர்.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இலேயே நிறைவேறிவிட்டது. கைம்பெண் மறுமணச் சட்டமோ 1856-இலேயே வந்துவிட்டது. சட்டங்கள் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தன, வீட்டுக்குள் நுழையவில்லை. நாடகமோ நுழைந்தது.

கொச்சி நாட்டின் சொந்தக் கதை

இக்கதையைப் புரிந்துகொள்ளக் கொச்சி நாட்டுக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. கிழவருக்கு வாழ்க்கைப்படும் இளம்பெண்ணின் துயரம் நம்பூதிரி இல்லங்களில் நெடுங்காலம் கண்ட துயரமே. வி. டி. பட்டதிரிப்பாடு அதனை எடுத்துக்கொண்டு, ‘அடுக்களையிலிருந்து அரங்கத்திற்கு’ என்று பொருள்படும் பெயரில் மலையாள நாடகம் எழுதினார். திரிச்சூருக்கு அருகில் உள்ள எடக்குன்னியில், நம்பூதிரிமாரின் யோகக்ஷேம சபையின் ஆண்டு விழாவை ஒட்டி, 1929-இல் அது நடிக்கப்பட்டது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்களல்லர், அச்சமூகத்து இளைஞர்களே. 1934-இல் எம். ஆர். பட்டதிரிப்பாடு ஒரு கைம்பெண்ணை மணந்தார். நம்பூதிரி சமூகத்தில் நடந்த முதல் கைம்பெண் மறுமணம் அதுவே என்பர்.

குடும்பக் கதைகள் மொழி எல்லையைக் கடந்து இருபுறமும் சென்றன. முன்ஷி பரமு பிள்ளையின் மலையாள நாடகத்தைத் தழுவி டி. கே. எஸ். சகோதரர்கள் ‘மனிதன்’ நாடகத்தை நடத்தினர். அது 1953-இல் திரைப்படமும் ஆயிற்று. வங்கத்துக் குமாஸ்தாவின் பெண்ணுக்குத் தமிழகம் தாய்வீடானது போலவே, மலையாளக் குடும்பத்துக்கும் தமிழ் மேடையில் இடம் கிடைத்தது.

பெட்டியில் வந்த நாடகம்

‘குமாஸ்தாவின் பெண்’ 1941-இல் திரைப்படமாக வெளிவந்தது. பி. என். ராவ் இயக்கினார், எம். வி. ராஜம்மா நாயகியாக நடித்தார். மேடையில் அப்பெண் வேடத்தைத் தாங்கியவர்களோ ஆண் பிள்ளைகள். அவ்வாறு நடித்த சிறுவர்களுள் ஒருவர் ஏ. பி. நாகராஜன். பின்னாளில் புகழ்மிக்க இயக்குநராக உயர்ந்த அவரே, 1974-இல் அக்கதையைக் ‘குமாஸ்தாவின் மகள்’ என்ற பெயரில் மீண்டும் திரைக்குக் கொணர்ந்தார். மேடையில் அப்பெண்ணாக நின்றவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவளை மறக்கவில்லை.

படச்சுருள் தகரப் பெட்டியில் வந்தது. திரைச்சீலை மூட்டைகள் இல்லை, சமையற்காரர் இல்லை, மாதக்கணக்கான முகாம் இல்லை. எந்த ஊருக்கும் விரைவில் செல்ல முடிந்தது. அதனால் பயன் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், “நம் ஊருக்கு எப்போது வருவார்கள்?” என்று கேட்டுக் காத்திருந்து, வந்தவர்களை நேரில் கண்டு, அவர்கள் போகும்போது வருந்தி வழியனுப்பிய உறவு அதனோடு மறைந்தது. இன்று எல்லாம் கைபேசியில் வருகின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே பார்க்கின்றோம். அருகில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அண்டை வீட்டார் இல்லை.

நாம் செய்யத்தக்கது

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. அப்பெயரைச் சொல்லி இன்று யாரும் கேட்பதில்லை. “உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்” என்று நயமாகச் சொல்கின்றனர். அந்நயமான சொல்லுக்காக வருங்கால வைப்புநிதியில் கடன் வாங்கிய தந்தையர் இந்த ஆண்டுவிழாப் பந்தலிலும் இருப்பார்கள். அவர்கள் எழுந்து பேசமாட்டார்கள். அவர்களுக்காக மேடையில் ஒருவர் பேசவேண்டும்.

எடக்குன்னியில் நாடகம் நடந்தது அரசவையில் அன்று. ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில். நம் சங்கத்தின் மேடையும் அத்தகையதே. ஆண்டுதோறும் குழந்தைகளின் நடனமும் மெல்லிசையும் இங்கே சிறப்பாக நடைபெறுகின்றன, அவை தொடர்க. அவற்றோடு ஒரு மணி நேரத் தமிழ்க் குடும்ப நாடகமும் இடம்பெறுதல் வேண்டும். நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் படிக்கின்றனர். தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்போரே பலர். வசனத்தை மனப்பாடம் செய்து பேசும்போது அவர்கள் நாவில் தமிழ் தானே வந்து அமரும். சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களுக்குத் தமிழ் கற்பித்ததும் இவ்வாறே. அண்டை வீட்டு மலையாள அன்பர்களையும் அழைப்போம். அவர்களுக்கு நம் கதை புரியும்.

புகழ்பெற்ற கம்பெனி ஏதும் இனிப் படகேறி மட்டாஞ்சேரிக்கு வரப்போவதில்லை. இனி நாம் எதிர்பார்க்க வேண்டியது நம்மையே. அடுத்த ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் ‘நாடகம்’ என்ற ஒரு வரி அச்சேறுமாயின், இக்காலனியின் குழாயடியிலும் மீண்டும் ஒருமுறை அதுவே பேச்சாகும்.

வளர்க நாடகக் கலை! வாழ்க நம் சங்கம்!