மலையேறுவோரின் இடையங்கி

எந்த மன்னன் எந்த ஆண்டில் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்பதை மாணவர்க்கு மனனஞ் செய்விக்கும் நாம், மனிதன் குளிரை எவ்வாறு எதிர்த்து நின்றான் என்பதைக் கற்பிப்பதில்லை. சட்டையின் கதை சரித்திரமாகாது என்று எண்ணிவிட்டோம் போலும். பனிமலையில் நடப்போரும் ஏறுவோரும், உடலையொட்டிய உள்ளுடைக்கும் காற்றைத் தடுக்கும் மேலங்கிக்கும் நடுவே வெப்பங்காக்கும் அங்கியொன்றை அணிகின்றனர். அதனை இடையங்கி என்று அழைத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு அதனைப் பற்றியதே.

வெப்பநாட்டினராகிய நமக்கு இதனால் ஆவதென்ன என்று நேயர்கள் வினவலாம். 2016ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணி, இலங்கையர் எவரும் அதற்குமுன் மிதித்திராத எவரெஸ்ற் உச்சியிலே நின்றார். அஃதன்றியும், நோர்வேயிலும் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம் உறவினரின் பிள்ளைகள் பனிக்காலத்தில் மலைப்பாதைகளில் நடந்து பழகிவிட்டனர். அவர்களுக்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். கம்பளியோ, பறவையின் தூவியோ தாமாக வெப்பந் தருவன அல்ல. அவற்றின் இழைகளுக்கிடையே அசைவின்றி அடைபட்டிருக்கும் காற்றே உடலின் வெப்பத்தை வெளியேறவிடாது காக்கின்றது. அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் காவல் போய்விடும். நீர் காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. மழையிலும் பனியிலும் மட்டுமா நீர் இருக்கின்றது? செங்குத்தான சரிவில் சுமையோடு ஏறுபவனின் உடல், ஓய்ந்திருப்பவனின் உடலைப் போலப் பன்மடங்கு வெப்பத்தை உண்டாக்குகின்றது. அவன் வியர்க்கின்றான், வியர்வை அங்கியை நனைக்கின்றது, சற்று நின்றதும் அந்த ஈரமே அவனை விறைக்கச் செய்கின்றது. நிற்பவனைக் காக்கும் அங்கி நடப்பவனுக்குக் கேடு. நடப்பவனுக்கு ஏற்ற அங்கி நிற்பவனுக்குப் போதாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றோரின் கதைதான் இடையங்கியின் வரலாறு.

வடதுருவத்தையடுத்து வாழும் இனுவிட் மக்கள் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். கலைமானின் தோலால் ஆன இரண்டு அங்கிகளை, உள்ளங்கியின் உரோமம் உடலைத் தொடுமாறும் வெளியங்கியின் உரோமம் புறத்தே இருக்குமாறும் தளர்வாக அணிந்தனர். உடல் சூடேறும்போது கழுத்திலும் இடுப்பிலும் காற்றோட விடுவர். வியர்க்குமளவுக்கு விரைந்து வேலை செய்வதைத் தவிர்ப்பர். 1903ஆம் ஆண்டு முதல் அவர்களிடையே தங்கி இக்கலையைக் கற்ற நோர்வே நாட்டினரான அமுண்ட்சென், 1911 டிசெம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை முதன்முதலாக அடைந்தார்.

அதே ஆண்டு அந்தாட்டிக்காவின் கடுங்குளிர்காலத்தில், ஸ்கொற்றின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் என்னும் மூவர் பென்குயின் முட்டை தேடிப் புறப்பட்டனர். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை வரை இறங்கியது. சறுக்குவண்டியைத் தாமே இழுத்தமையால் வியர்வை பெருகி உடையிலே தங்கியது. ஒரு நாட் காலையில் கூடாரத்துக்கு வெளியே வந்து தலைநிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்த செரி-கரார்டுக்குத் தலையைத் திரும்பக் குனிய முடியவில்லை. நொடிப்பொழுதில் உடை பலகைபோல் உறைந்துவிட்டது. ஏறத்தாழ நான்கு மணிநேரம் அந்த நிலையிலேயே வண்டியை இழுத்தார். உறங்கும் பைகளும் உறைந்த ஈரத்தினால் இருமடங்குக்கு மேல் கனத்துப்போயின. மூவரும் உயிரோடு மீண்டது பெருவியப்பே.

இனி எவரெஸ்றுக்கு வருவோம். 1922ஆம் ஆண்டுப் பயணத்தில் யோர்ச் பிஞ்ச் என்னும் இரசாயன விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர், எதையும் சோதித்துப் பார்த்தே ஏற்கும் இயல்பினர். ஏனையோர் கம்பளிச் சட்டைகளை அடுக்கி, மேலே கபடீன் துணியணிந்து சென்றபோது, இவர் ஆகாயக் கூண்டுகள் செய்யும் துணியில் ஐடர் என்னும் வாத்தின் தூவியை அடைத்துப் பகுதி பகுதியாகத் தைத்த பச்சைநிற அங்கியொன்றைக் கொண்டுவந்தார். கனவான்களாகிய தோழர்கள் நகைத்தனர். அந்த மே மாதத்தில் பிஞ்சும் யெப்ரி புறூசும் கூர்க்கா வீரர் தேஜ்பீரும் 25,500 அடி உயரத்திற் புயலிடையே சிக்கினர். புயலடங்கிய பின் மே 27ஆம் நாள் பிஞ்சும் புறூசும் பிராணவாயுவின் துணையுடன் ஏறத்தாழ 27,300 அடியை எட்டினர். அதுவரை எவரும் அவ்வளவு உயரத்தை அடைந்ததில்லை. நகைத்தவர்கள் இப்போது அவ்வங்கியைப் பொறாமையோடு நோக்குகின்றனர் என்று பிஞ்ச் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

தூவியின் அருமை தமிழருக்குப் புதிதன்று. அன்னத்தின் தூவி பரப்பிய அரசியின் படுக்கையை நெடுநல்வாடை காட்டுகின்றது. படுக்கையில் இருந்ததை நடப்பவனின் தோளுக்குக் கொணர்ந்ததே பிஞ்சின் பணி. எனினும் இலண்டன் குழுவினரோடு ஏற்பட்ட பிணக்குகளால் 1924ஆம் ஆண்டுப் பயணத்திலே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கருத்திற் பிழையில்லாதவனையும் மனத்துக்குப் பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடும் வழக்கம் குழுக்கள் உள்ள இடமெங்கும் உண்டு. பின்னாளில், 1952 முதல் 1957 வரை, பூனாவிலுள்ள இந்திய தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக அவர் கடமையாற்றினார்.

அந்த 1924ஆம் ஆண்டு யூன் 8ஆம் நாள் மலோறியும் ஏர்வினும் மேகத்துள் மறைந்தனர். மலோறியின் உடல் 1999 மே முதலாம் நாள் கண்டெடுக்கப்பட்டது. அதில் எஞ்சியிருந்த துணித்துண்டுகளை ஆராய்ந்து, பட்டு, பருத்தி, கம்பளி, கபடீன் என்று அடுக்கடுக்காக அதே உடையை மீளச் செய்தனர். 2006ஆம் ஆண்டு கிரஹம் ஹொய்லண்ட் என்பவர் எவரெஸ்ற் மலைச்சாரலில் அதனை அணிந்து பார்த்தார். உடை இலேசானது, அசைவுக்கு இடந்தருவது, நல்ல காலநிலையில் ஏறுபவனுக்குப் போதியது என்று அறியப்பட்டது. ஆயின் திறந்த வெளியில் ஓர் இரவைக் கழிக்க அது போதாது. நடக்கும் உடை மலோறியிடம் இருந்தது. நிற்கும் உடை பிஞ்சோடு நின்றுவிட்டது.

1953 மே 29ஆம் நாள் ஹிலறியும் தென்சிங்கும் உச்சியை அடைந்த காலத்தில் தூவியுடை முறையாக வழங்கிவிட்டது. அன்று தென்சிங் அணிந்திருந்த காலுறை அவர் மனைவி ஆங் லாமு பின்னியது. கம்பளிச் சட்டை இமாலயக் கழகத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் கொடுத்தது. கழுத்துத் துணி சுவிற்சர்லாந்துத் தோழர் இலம்பேர்ட் அளித்தது. அவ்வளவு பேருடைய அன்பையும் அடுக்கடுக்காக அணிந்தே அவர் ஏறினார் எனலாம்.

உயர்ந்த சிகரங்களில் மட்டுமே ஆபத்து உண்டென்று எண்ணுவது தவறு. 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் டார்பிசயர்க் குன்றுகளில், போர் இன்ஸ் என்னும் 45 மைல் நடைப்போட்டியில் இளைஞர் மூவர் குளிரால் மாண்டனர். அக்குன்றுகளில் மிக உயர்ந்ததே 636 மீற்றர்தான். நமது பீதுருதாலகாலையின் உயரத்தில் மூன்றிலொரு பங்கும் இல்லை. அவர்களைக் கொன்றவை மழையும் காற்றும் களைப்பும். 1953ஆம் ஆண்டு எவரெஸ்ற் குழுவிலே உடற்றொழில் அறிஞராகச் சென்ற கிறிபித் பியூ இதனை ஆராய்ந்தார். நனைந்த உடை காற்றிலே தன் காப்பாற்றலின் பெரும்பகுதியை இழந்துவிடும். உரத்து நடக்கும் வரை உடலின் சூடு அதனை ஈடுசெய்யும். களைத்து நடை தளர்ந்ததும் ஈடுசெய்ய ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளைகளை நடைக்கு அனுப்புவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதுவே என்பது என் எண்ணம்.

பின்னர் செயற்கையிழைகள் வந்தன. நீரை உறிஞ்சாத பொலியெஸ்ரர் இழையை ஆட்டுரோமம்போல் மென்மையாக்கிய பிளீஸ் என்னும் துணி, 1980ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் மோல்டன் ஆலையிலிருந்து பரவிற்று. 1995 டிசெம்பரில் அவ்வாலை எரிந்தபோது, உரிமையாளர் ஆரன் பியூவர்ஸ்ரைன் வேலையற்றிருந்த தொழிலாளருக்குச் சம்பளம் கொடுத்துவந்தார். சில ஆண்டுகளில் நிறுவனம் முறிந்தது. அவர் பெயர் முறியவில்லை. தூவியைப் போன்று பஞ்சாக நிற்கும் செயற்கையிழையை அமெரிக்க இராணுவத்துக்கென ஆக்கினர். 2012ஆம் ஆண்டையடுத்து, வியர்வையின் ஆவியைத் தாராளமாக வெளியேறவிடும் மெல்லிய நிரப்பிழைகளும் கடைக்கு வந்தன. இனுவிட் தாய் தோலிலே செய்ததை ஆலை இழையிலே செய்ய இத்தனை காலம் சென்றது.

ஆகவே இன்று அங்கி வாங்கச் செல்வோர் தடிப்பைக் கண்டு மயங்கலாகாது. நடக்கும்போது அணிய மெல்லிய பிளீசோ, ஆவியை வெளிவிடும் நிரப்பிழை அங்கியோ ஒன்று. நின்று இளைப்பாறும்போது மேலே போட்டுக்கொள்ளத் தடித்த அங்கி மற்றொன்று, முதுகுப்பையிலே. வறண்ட கடுங்குளிருக்குத் தூவி நிகரற்றது. எடை குறைந்தது, சுருட்டினால் கைப்பிடியளவாகும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரியும் என்பதை அங்கியிற் குறித்திருப்பர். 800 என்றால் உயர்ந்த வகை. ஈரமான இடங்களுக்குச் செயற்கையிழையே நன்று. நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், ஆயினும் பல ஆண்டுகள் மடித்து மடித்து வைத்தால் தட்டையாகிவிடும். நமக்கு உற்ற தோழியாகிய பருத்தியைப் பனிமலைக்குக் கொண்டுபோதல் ஆகாது. அது வியர்வையைக் குடித்துவிட்டு உலர மறுக்கும்.

புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருத்தல் வேண்டுமென்பர் அனுபவசாலிகள். கால்மணி நேர ஏற்றத்தில் உடல் தானே சூடேறிவிடும். கயிறு கட்டி ஏறுவோர், இடுப்பு வாரின் கீழ் அங்கி மேலேறிச் சுருளாத நீளம் உண்டா, பையின் வாயை வார் மறைக்கின்றதா, தலைக்கவசத்தோடு தலைமூடி பொருந்துமா என்பவற்றைக் கடையிலேயே அணிந்து, கைகளை உயரத் தூக்கிப் பார்த்தல் வேண்டும்.